பேனர்க்காரன் வரைந்த பிள்ளை

பெரியப்பா இறந்ததைவிட அவருக்குக் கட்டியிருந்த அஞ்சலி பேனர்தான் என்னை அதிகம் பாதித்தது என்று சொன்னால், சொந்தக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான்.

நான் எழுதிய குழந்தைகள் படக்கதைக்கு ஓவியர் தேடித் தேடிச் சலித்துப்போயிருந்த நேரம் அது. ரவாங்கில் அலுவலக வேலை முடிந்து வந்து, சமைத்து, மகள் விஷாலினியின் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் கைப்பேசியில் ஒவ்வொரு ஓவியராகப் பார்ப்பேன். என்ன அழகாக வரைகிறார்கள்! ஆனால் என் கதை நான் வளர்ந்த கோலா சிலாங்கூர் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியைப் பற்றியது. சென்னை ஓவியர் அவளை மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினார். கோலாலம்பூர்க்காரர் கணினியையே வரையச் சொல்லி, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தில் தேங்காய் தொங்கவிட்டார். புத்தகமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் ஐயாவு பெரியப்பா தவறினார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். வழக்கமான மேகம், புறா, குத்துவிளக்கு எதுவும் அதில் இல்லை. நடுவில் பெரியப்பாவின் முகம். சுற்றிலும் அவருடைய பழைய மோட்டார் சைக்கிள், செம்பனைக் குலை வெட்டும் நீளக் கம்பு, கூடைக்குள் சுருண்டு தூங்கும் நாய், தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நிற்கும் கோழி. எல்லாம் கையால் வரைந்தவை. சுற்றி எல்லாரும் அழுதுகொண்டிருக்க, நான் அந்தக் கோழியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வரைந்தவன் லிங்கேஸ்வரன். கோலா சிலாங்கூர் டவுனில் ஒரு பேனர் கடையில் வேலை செய்கிறான். தேடிப் போய்க் கதையைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "எங்க லயத்துக் கதை மாதிரியே இருக்குக்கா" என்றான். எனக்குப் பாதிக் களைப்பு போய்விட்டது.

படங்கள் தயார் என்று அவன் சொன்னதும் விஷாலினியையும் கூட்டிக்கொண்டு போனேன். மேசைமேல் பரப்பி வைத்திருந்தான். அச்சு அசல் எங்கள் தோட்டம். வாசலில் குவிந்த செருப்பு, பள்ளி பஸ்சுக்கு நிற்கும் பிள்ளைகளின் பை, கொடியில் காயும் சீருடை. ஆனால் கதையின் பிள்ளை மட்டும் பக்கத்துக்குப் பக்கம் நேராக வெறித்துக்கொண்டு நின்றாள். மாலை போடாத குறைதான்.

"ஏன் தம்பி, புள்ள செத்துப்போன மாதிரி நிக்கறா?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. "இதுவரைக்கும் எல்லா மொகமும் செத்தவங்க அடையாள அட்டையில, ஐசில இருக்கற போட்டோவ பாத்து வரஞ்சதுதான்க்கா. கை அப்படியே பழகிருச்சு லா. யாராச்சும் நேர்ல உக்காந்தா வரும்."

"அப்ப உக்கார வைக்க வேண்டியதுதான?"

"யாருக்கா உக்காருவா? நான் வரஞ்சா மாலை விழுந்துரும்னு தோட்டத்துல பேச்சு. என் கையில பென்சில பாத்தாலே புள்ளைங்கள உள்ள இழுத்துக்குவாங்க. எங்கம்மாவே உக்கார மாட்டேன்னுட்டாங்க." படங்களை அடுக்க ஆரம்பித்தான். "உசுரோட இருக்கற ஒரு மொகம் வரையணும்னு எனக்கும் ஆசதான். வரலக்கா. நீங்க வேற ஆளப் பாருங்க, நான் பேனரோட இருந்துக்கறேன்."

வேறு ஆளா? மறுபடியும் முதலிலிருந்தா? நினைத்தாலே உடம்பு அசந்துபோனது.

"இந்தக் காலத்துல போயி இதெல்லாம் ஒரு பேச்சா? இந்தா, இவள வரைங்க" என்று விஷாலினியை முன்னால் தள்ளினேன்.

அவன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தான். நெற்றி, கண், தாடை என்று அந்தப் பார்வை நிதானமாக இறங்கியது. பெரியப்பா முகத்தையும் இப்படித்தானே பார்த்திருப்பான்! என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள் என் கை மகளின் முகத்தை மூடிவிட்டது.

அவன் பென்சிலைக் கீழே வைத்தான். "பரவாலக்கா" என்றான். குரலில் வருத்தம்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அது அப்படியேதான் இருந்தது. இருந்தும் கையை எடுத்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னையும் சேத்தே வரைங்க தம்பி."

அவன் நம்பாமல் பார்த்தான். பிறகு வரையத் தொடங்கினான். விஷாலினியா சும்மா இருப்பாள்? விழுந்த பல்லின் ஓட்டையில் நாக்கை நுழைத்தாள், காலை ஆட்டினாள், அவன் என்ன வரைகிறான் என்று எட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஏய், அசையாம உக்காருடி!"

"வேணாங்க்கா, விடுங்க. ஆடட்டும்." நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. "நான் வரையறப்ப ஒரு மொகம் அசையறத இப்பதான் பாக்குறேன்."