இழுத்தும் எழாத தலை

எங்கள் ஆட்டத்தைப் பார்க்கிற ஜனங்கள் கை தட்டுவதைவிடக் கிள்ளுவதுதான் அதிகம். உயிரா மிஷினா என்று பந்தயம் கட்டிக்கொண்டு, ஊக்கால்கூடக் குத்திப் பார்ப்பார்கள். பாழாய்ப் போகிறவர்கள்! குத்தினாலும் நான் கண் இமைக்க மாட்டேன். அதற்குத்தானே கூலி.

எனக்கு ராணி பொம்மை வேஷம். சிட்டிபாபுவுக்கு ராஜா பொம்மை வேஷம். கல்யாண ஊர்வலங்களில் மாட்டு வண்டி மேல் நின்று ஆடுவோம். எங்களுக்குப் பின்னால் உயரப் பலகையில் நின்று, எங்கள் கிரீடத்திலும் மணிக்கட்டிலும் கட்டிய கயிறுகளை இழுப்பவன் என் அண்ணன் ராஜவேலு. கயிறு தளர்ந்தால் விழ வேண்டும், இழுத்தால் எழ வேண்டும். கயிறு பளபளக்கட்டும் என்று வீட்டுத் தறியில் மிஞ்சிய பட்டு நூலில் நானே முறுக்கியது. முகத்தில் முத்துவெள்ளைப் பொடியைக் குழைத்துப் பூசிவிட்டால் கழுவும்வரை வாய் திறக்கக் கூடாது. அது அண்ணன் போட்ட சட்டம்.

"பொம்மை பேசினா தொழிலே போச்சு அம்சா" என்பான்.

புருஷன் செத்தபிறகு அண்ணன் வீட்டில் சோறு தின்கிறவள் நான். வெள்ளை பூசாத நாளில் மட்டும் பேசிக் கிழித்துவிட்டேனா என்ன! நூல் சுற்றுகிற ராட்டையோடுதான் சண்டை போடுவேன்.

ஆட்டத்தின் முடிவில் ராஜாவின் தலை ராணியின் தோளில் தொப்பென்று விழும். ஜனங்கள் சிரிப்பார்கள். கிள்ளாமல் குத்தாமல் என்னை ஒரு மனிதர் தொடுவது அந்த ஒரு இடத்தில்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்காகவே அடுத்த ஊர்வலம் எப்போது என்று காத்துக் கிடப்பேன்.

அறுபத்தெட்டாம் வருஷம் வைகாசியில், சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு ஜவுளிக்காரர் வீட்டு மாப்பிள்ளை ஊர்வலம். வேஷம் கட்டும்போது சிட்டிபாபு சொன்னான்.

"நாளைக்கு மெட்ராஸ் போறேன்பா ராஜவேலு. பெரம்பூர்ல மாமா வேலை பாத்து வெச்சிருக்காரு. இனிமே ஆட்டத்துக்கு வரமாட்டேன்."

"போயேன். வேற ஆளா கிடைக்காது?" என்றான் அண்ணன்.

சிட்டிபாபு என் பக்கம் திரும்பி நின்றான். ஏதாவது சொல்வேன் என்று பார்த்தானோ என்னவோ. என் முகத்தில் ஏற்கெனவே வெள்ளை. வாயைத் திறடி பைத்தியக்காரி என்று மனசு கத்தியது. நான் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவனும் வெள்ளையை எடுத்துப் பூசிக்கொண்டான்.

கேஸ் லைட் வெளிச்சத்தில் வண்டி நகர்ந்தது. "அய்யய்யோ, அந்த ராணி என்னியே பாக்குதுடி" என்று ஒருத்தி அலறினாள். கடைசியில் கயிறு தளர்ந்தது. அவன் தலை என் தோளில் விழுந்தது.

"போவாத" என்றேன், உதடு அசையாமல். "என்னைத் தனியா வுட்டுட்டுப் போவாத."

அண்ணன் கயிற்றை இழுத்தான். தலை எழவில்லை. மறுபடி இழுத்தான். கிரீடம் மட்டும் நெற்றியைவிட்டுத் தூக்கிக்கொண்டது, தலை என் தோளிலேயே கிடந்தது. அவன் மூச்சு என் கழுத்தில் சுட்டது.

"மிஷின் மாட்டிக்கிச்சுடா!" என்று எவனோ கத்தினான். என் கண்ணீர் வெள்ளையைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. "பார்றா, பொம்மைக்குள்ள தண்ணி வெச்சிருக்கான்!" தெரு முழுக்கக் கைதட்டல். அத்தனை பேர் பார்த்தார்கள். அழுகிறாள் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

அண்ணன் கோபத்தில் வெடுக்கென்று இழுத்ததில் கயிறு அறுந்து அவன் கையோடு போனது. ராஜாவைத் தூக்க இனி யாரும் இல்லை. சிட்டிபாபு இன்னும் கொஞ்சம் அப்படியே இருந்தான். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி நேராக நின்றான்.

கைதட்டல் நின்றுபோனது. கயிறில்லாமல் எழுந்த பொம்மையைக் கண்டு முன்னால் இருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். ஒருத்தி பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள்.

காலை பஸ்ஸில் அவன் போய்விட்டான். கயிறே இல்லாமல் எப்படிப்பா எழுந்தது என்று ஊரே அண்ணனைக் கேட்கிறது. அவனும் பெருமையாகச் சிரித்துக்கொள்கிறான். அண்ணன் இழுத்து அந்தத் தலை எழுந்திருந்தால், அண்ணனைச் சபித்துக்கொண்டு என் காலத்தை ஓட்டியிருப்பேன். சிட்டிபாபு தானாக அல்லவா எழுந்தான்.