திரையில் ஓட்டை கூடாது

எங்கள் மேலாளருக்குத் திரையில் ஓட்டை இருந்தால் ஆகாது. ஆற்றோரத்து நிலையம் எதிலிருந்தாவது நீர்மட்டம் வரவில்லை என்றால் அதன் கட்டம் காலியாகக் கிடக்கும். பார்வையிட வரும் பெரியவர்கள் முன்னால் அவர் மானம் போய்விடுமாம். அதனால் அந்த ஆள் யாரிடமும் மூச்சுவிடாமல் ஒரு வேலை செய்துவைத்திருந்தார். செத்துப்போன கருவி கடைசியாகச் சொன்ன எண்ணே கட்டத்தில் நிற்கும். பச்சை நிறத்தில், லட்சணமாக. அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

அன்று கீழ் நிலையம் கன்னாபின்னாவென்று எண்களைக் காட்டியது. பாலத்தூணில் கட்டிய, நீர்மட்டம் அளக்கும் குழாயின் வாயில் சேறு அடைத்தால் அப்படித்தான் உளறும். அதைச் சுத்தம் செய்யப் போனவர் என் வீட்டுக்காரர். இருவருக்கும் ஒரே அலுவலகம். அவருக்கு ஆறு, எனக்குத் திரை. இறங்குமுன் எனக்குப் போன் செய்வார். மேல் நிலையத்தில் தண்ணீர் ஏறவில்லை என்று நான் சொன்னால்தான் காலை நனைப்பார். அங்கே ஏறும் வெள்ளம் கீழே வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதற்குள் கரையேறிவிடலாம்.

"மகாராணி, இறங்கலாமா?"

"மேல முழங்கால் அளவுதான் இருக்கு, இறங்குங்க. முடிச்சிட்டு நேரா வீட்டுக்கு வாங்க. அங்க நின்னு ஊர்க்கதை பேசாதீங்க!"

"உத்தரவு" என்று சிரித்தார். போனை வண்டியில் போட்டுவிட்டுத்தான் எப்போதும் இறங்குவார்.

பிறகுதான் உறைத்தது. மேல் நிலையத்தின் எண் ஒரு இம்மிகூட அசையவில்லை. ஓடுகிற ஆறு அப்படி நிற்குமா? அங்கிருக்கும் காவலாளியை அழைத்தேன்.

"அந்தக் கருவியா? வெள்ளம் அப்பவே அடிச்சிட்டுப் போயிடுச்சேம்மா! உங்க மேலாளர்கிட்ட சொன்னேனே. 'சரி, நாளைக்குப் பாக்கலாம்'னாரு."

உடனே வீட்டுக்காரரை அழைத்தேன். வண்டியில் கிடந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேலாளர் அறைக்கு ஓடினேன்.

"மேல வெள்ளம் சார்! என் வீட்டுக்காரர் தண்ணியில நிக்கிறாரு. யாரையாவது அனுப்புங்க!"

"பதறாதீங்கம்மா" என்றவர் என்னைத் தாண்டித் திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கீழ் நிலையத்தின் உளறல் நின்றிருந்தது. "அட! குழாயைச் சரி பண்ணிட்டாரே! கெட்டிக்காரர்மா உங்க வீட்டுக்காரர்."

அந்தப் பாவி கைதட்டினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். கீழ் நிலையத்தில் முழங்கால் அளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்பளவு ஆனது. பிறகு கழுத்தளவு. என் வீட்டுக்காரரின் உயரம் எனக்குத் தெரியாதா? எண் அதையும் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது.