நூறு ரூபாய் வெட்டு

சட்டசபை வாசலில் போனை வாங்கிக்கொண்டார்கள், வெற்றிலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்கள், வழிக்கு வைத்திருந்த மோர் பாட்டிலையும் வாங்கிக்கொண்டார்கள். “உள்ள வாயத் தொறக்கக் கூடாதும்மா. கால் மேல கால் போடக் கூடாது. கை தட்டக் கூடாது,” என்றார் வெள்ளை உடுப்புக் காவலர்.

வாயைத் திறக்காமல் இருப்பது செவ்வந்திக்கு ஒரு வேலையே இல்லை. பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள் அவள். தண்ணீரில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பறி என்னும் ஓலைக் கூடையில் போட வேண்டும். கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வாள். நாலு மணி நேரம் ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. அவள் புருஷன் குப்பன் பல நாள் சுவரோடுதான் பேசிக்கொண்டிருப்பான்.

அந்தச் சுவர்தான் அவளை இங்கே கொண்டுவந்தது. அரசாங்க வீட்டுத் திட்டத்தில் அவர்களுக்கு ஏரிக்கரையிலேயே ஒரு வீடு எழுதியிருந்தார்கள். வாசல் தலைக்கு மேல் லிண்டல் போட இன்னும் மூன்று வரிசைச் செங்கல்தான் பாக்கி என்னும்போது பணம் நின்றது. அந்த வருஷம் எங்கும் அதே கதை. வெளிநாட்டுக்காரன் இறால் வாங்குவதை நிறுத்தினான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் ஆளைக் குறைத்தன. சர்க்காரிடம் காசில்லை என்று வரியை ஏற்றினார்கள். சிமெண்டும் கூடவே ஏறியது. செவ்வந்தியும் குப்பனும் கூரையில்லாத சுவருக்கு வெளியே தார்ப்பாய் கட்டிப் படுத்தார்கள். இப்போது ஆனி. ஐப்பசி மழைக்குத் தார்ப்பாய் நிற்காது. போன ஐப்பசியில் நிற்கவில்லை.

எம்.எல்.ஏ. வரதன் எதிர்க்கட்சிக்காரர். வீட்டு வசதிக்குப் பணம் ஒதுக்கும் கோரிக்கை சபைக்கு வரும் நாளில், அரைகுறை வீட்டுக்காரர்கள் பத்துப் பேரை வேனில் வரவழைத்திருந்தார். “அண்ணன் இன்னிக்கு உங்க வீட்டுக்காகத்தான் பேசப் போறாரு. காது குளிரக் கேளுங்க,” என்றான் அவருடைய உதவியாளன் உதயகுமார்.

ஏ.சி.யில் காது மட்டுமல்ல, எல்லாமே குளிர்ந்தது. பார்வையாளர் மாடத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த கஸ்தூரியம்மாள் கடலோரக் குப்பத்துக்காரி. மீன் ஏலத்தில் பழகிய தொண்டை. அவள் அதை அடக்கி முணுமுணுத்தாள். “இன்னாடி, ஐஸ் பொட்டியில போட்ட வஞ்சிரம் மாதிரி வெறச்சிப் போய்க் கீற?”

“வஞ்சிரமா இருந்தா வெலயாச்சும் போவேனே, அக்கா.”

காவலர் திரும்பிப் பார்த்தார். இருவரும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

கீழே பச்சைக் கம்பளம் விரித்திருந்தது. அதன் மேல் வெள்ளை வேட்டிகள் நடந்தன, உட்கார்ந்தன, எழுந்தன. ஒருவர் சிமெண்டு வரியைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் கடனைப் பற்றிப் பேசினார். முந்தைய ஆட்சியில் யார் எதைத் தின்றார்கள் என்று ஒருவர் கேட்க, நீங்கள் தின்றது மறந்து போச்சா என்று மற்றவர் கேட்டார். யாராவது நன்றாகத் திட்டினால் அந்தப் பக்கத்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். பெரிய மணி ஒன்று ஒலித்தது. வேனுக்காக மூன்று மணிக்கே எழுந்த செவ்வந்திக்குக் கண் சொக்கியது.

பச்சை மெல்ல அசைந்தது. ஏரி தெளிந்திருக்கும் நாளில் பாசி அசைகிற மாதிரி. வேட்டிக்காரர்கள் எல்லோரும் முட்டி போட்டு வரிசையாக வந்தார்கள். வாயில் பறி இருந்தது. இருந்தும் பேசிக்கொண்டே வந்தார்கள். அதெப்படி முடிகிறது என்று அவளுக்கு ஆச்சரியம். பேசப் பேசப் பறியிலிருந்து இறால் நழுவித் தண்ணீருக்குப் போயிற்று. நடு ஏரியில் அவளுடைய வீடு நின்றது, அதே மூன்று வரிசை குறைச்சலோடு. அவர்கள் வாசல் வழியாக ஒவ்வொருவராக உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார்கள்.

“இன்னாம்மா இது, இவ்ளோ வானம் வச்சிருக்க?” என்றார் ஒருவர்.

“நான் வைக்கல சார். அதுவா கீது.”

“வரி கட்டினியா இதுக்கு?”

அவள் ரசீதைத் தேடினாள். சேற்றில் கைவிட்டுத் துழாவினாள். விரலுக்கு இறால் தட்டுப்படவில்லை, செங்கல்தான் தட்டுப்பட்டது. ஒவ்வொன்றும் மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. தூரத்தில் யாரோ அவளுக்குத் தெரிந்த குரலில் பேசினார்கள்.

வரதன். அவள் கண்ணைத் திறந்தாள். கீழே வரதன் எழுந்து நின்று தாளைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார். “மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, வீட்டு வசதித் துறைக்கான தொகையில் ரூபாய் நூறு குறைக்கப்பட வேண்டும் என்னும் வெட்டுத் தீர்மானத்தை முன்மொழிகிறேன்.”

செவ்வந்திக்குத் தூக்கம் பாதி கலையவில்லை. கலைந்த பாதிக்கு ஒன்று மட்டும் விளங்கியது. நம் ஆள், நமக்காகப் பேச வந்த ஆள், வீட்டுப் பணத்தில் குறைக்கச் சொல்கிறான். ஏற்கெனவே போதாத பணம். நூறு ரூபாய் என்றால் எத்தனை செங்கல்? அவள் எழுந்தாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். பொன்னேரியில் வேன் நின்றால் ஏதாவது வாங்கித் தின்னச் சொல்லிக் குப்பன் கொடுத்த நூறு ரூபாய் நோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

“ஐயா! அந்த நூறு ரூபா நான் தரேன்யா! அத்த வெட்டாதீங்கய்யா!”

ஏரியில் இக்கரையிலிருந்து அக்கரைக்குக் கேட்கிற குரல் அது. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்கே தெரியாது. ஆளுங்கட்சிப் பக்கம் ஒரே சிரிப்பு, மேசைகள் அதிர்ந்தன. வரதன் அண்ணாந்து பார்த்தார். முகம் செத்துப் போயிருந்தது. அதற்குள் இரண்டு பெண் காவலர்கள் அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வெளியே ஒரு சின்ன அறை. பெயர், ஊர், அப்பன் பெயர் எழுதிக்கொண்டார்கள். ஒரு பெண் காவலர் டீ வாங்கிக் கொடுத்தார். “கட்சி ஆளா நீ?”

“இறால் புடிக்கறவ.”

“பின்ன எதுக்குக் கத்தின?”

அதற்குள் உதயகுமார் வேர்த்து விறுவிறுத்து வந்துவிட்டான். “மானத்த வாங்கிட்டியே! வெட்டுனா நெஜமாவா வெட்டுவாங்க? நூறு ரூபா கொறைக்கணும்னு சொன்னாத்தான் நம்ம கொறையப் பேச வுடுவாங்க. அது சபையோட முறை. பேசிட்டு அண்ணனே வாபஸ் வாங்கிக்குவாரு.”

அவள் யோசித்தாள். “அப்போ பணம் கேக்கறதுக்கு, பணத்தக் கொறைன்னு சொல்லணுமா?”

“ஆமா.”

“நேரா கேட்டா?”

“நேரா கேட்டதாலதான் இங்க உக்காந்துக்கினு கீற.”

மதியம் தாண்டித்தான் விட்டார்கள். வேனில் யாரும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை, கஸ்தூரியம்மாளைத் தவிர. தன்னால் எல்லார் வீடும் போயிற்றோ என்று செவ்வந்தி நினைத்துக்கொண்டே வந்தாள். ஜன்னலுக்கு வெளியே உப்பளமும் புகைபோக்கியும் தண்ணீருக்குள் நடப்பவை போல மிதந்து போயின.

“அக்கா, மந்திரி இன்னா சொன்னாரு?”

“சொன்னாரு, சொன்னாரு. மொதல்ல நீ பேசினத சபைக் குறிப்புலருந்து எடுக்கச் சொல்லிட்டாங்க. நீ பேசவே இல்லியாம். நாங்களும் எதுவும் கேக்கலியாம்.” கஸ்தூரியம்மாள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “கஜானா காலியாம்டி. லிண்டல் முடிச்ச வூட்டுக்கு மட்டும் இந்த வருஷம் பணம். முடிக்காததுக்கு நெலம சீரானப்புறமாம். திங்கக்கெழம ஓவர்சியர் வந்து போட்டோ புடிப்பாராம்.”

“உன்னுது?”

“எனக்கு லிண்டல் ஆயிடுச்சி.” கையை எடுத்துச் செவ்வந்தியின் கைமேல் வைத்துக்கொண்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை. வீடு வந்ததும் செவ்வந்தி சுவரைத்தான் பார்த்தாள். மூன்று வரிசை. கடையில் செங்கல் கடன் கிடையாது. குப்பன் தார்ப்பாய்க்கடியில் நண்டு வலையை ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

“நீ வாயத் தொறந்தியாமே, ஊரே பேசுது,” என்றான். “எனக்கு ஒரு நாளும் தொறந்ததில்ல.”

வீட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். அங்கே இன்னொரு திட்டத்தில் சர்க்கார் கட்டிக் கொடுத்த கக்கூஸ் இருந்தது. நீலப் பெயிண்ட் அடித்தது. தண்ணீர் இணைப்பு வரவே இல்லை. அதில் துடுப்பும் ஓட்டை வாளியும் குடியிருந்தன. அவள் மேல்வரிசையில் ஒரு செங்கல்லை ஆட்டிப் பார்த்தாள். பல் மாதிரி ஆடியது.

“ஏய், இன்னா பண்ற? அதும் சர்க்கார் சொத்து. கேஸ் போடுவான்,” என்று குப்பன் ஓடிவந்தான்.

“ஒண்ணுல கொறச்சாத்தான் இன்னொண்ண கேக்க முடியுமாம். சபையில அதான் முறையாம்.”

குப்பன் அவளையும் கக்கூஸையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் துடுப்பை எடுத்து வெளியே வைத்தான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர்கள் ஏரிக்குப் போகவில்லை. அவள் இடித்துக் கொடுக்க, அவன் ஏறி அடுக்கினான். மிச்சமிருந்த அரை மூட்டை சிமெண்டையும் கம்பியையும் வாசல் தலையில் லிண்டல் போட எடுத்துக்கொண்டு, சுவர்ச் செங்கலுக்கு ஏரிக் களிமண்ணையே குழைத்தார்கள். நீலப் பக்கம் வெளியே தெரியக் கூடாதென்று உள்பக்கமாகத் திருப்பி வைத்தார்கள்.

திங்கள் காலை ஓவர்சியர் பைக்கில் வந்தார். இளம் வயது, இன்னும் ஒன்பது ஊர் பார்க்க வேண்டிய அலுப்பு. வெளியே சுற்றிப் பார்த்தார். டேப்பை வைத்து அளந்தார். வாசலில் தலையை நுழைத்து உள்ளே போனவர் அப்படியே நின்றுவிட்டார். நாலு சுவரிலும், உச்சியில், ஈரம் காயாத களிமண்ணுக்கு நடுவே மூன்று வரிசை நீலம் ஓடியது. அதற்கு மேல் வானம். எது எங்கே முடிகிறது என்று சட்டென்று சொல்ல முடியவில்லை.

“இன்னாம்மா இது?”

குப்பன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “லிண்டல் சார்.”

“கலரு?”

“சர்க்கார் கலரு.”

ஓவர்சியர் பின்பக்கம் போனார். கக்கூஸ் இருந்த இடத்தில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு அடித்தளம் மட்டும் இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்குக் குடுத்த பேப்பர்ல வீட்டுச் சுவர மட்டும்தான் பாக்கச் சொல்லிக் கீது,” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

பிறகு போனை எடுத்தார். “பயனாளி முன்னாடி நிக்கணும். வாசல்ல நில்லும்மா. முழுச் சுவரும் வரணும்.”

அவள் வாசலில் நின்றாள். வீடு சின்ன வீடுதான். ஆனால் அவருடைய போனுக்குள் அடங்கவில்லை. ஒரு அடி பின்னால் போனார். இன்னும் ஒரு அடி. செருப்பு ஈரமாயிற்று. பேன்ட்டின் கரை நனைந்தது. ஏரிக்குள் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு, அவளை நிமிரச் சொல்லிக் கையைக் காட்டினார்.