ஈ மட்டை எந்தக் கையில்

தெருவில் எனக்குப் ‘பினாயில்’ என்று பட்டப்பெயர். காதில் விழாத மாதிரி நடந்துபோவேன், ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். வீட்டுக்குள் ஓர் ஈ நுழைந்தால் அது வெளியே போகும்வரை எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட நானே ஜன்னல் வலையின் மூலையைப் பிய்த்து, அதன் அடியில் வாழைப்பழத் தோலை வைத்து, ஈக்களை விருந்துக்கு அழைத்தேன். எல்லாம் என் வீட்டுக்காரருக்காகத்தான்.

அவர் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கை திரும்பவில்லை. எலும்பு கூடிவிட்டது, இனி அசைத்து அசைத்துத்தான் பழக்க வேண்டும், சும்மா வைத்திருந்தால் இப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லி, அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார். பந்து அன்றைக்கே கட்டிலுக்கு அடியில் உருண்டது.

“பந்து வெச்சு விளையாட நான் என்ன சின்னப் புள்ளையா?” என்றார். அதற்குப் பிறகு நான் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான். “வலிக்குதுடி.”

சுவர் பூசுகிறவருக்கு மணிக்கட்டுதான் எல்லாம். கரண்டியில் கலவையை அள்ளிச் சுவரில் வீச வேண்டும். மெதுவாக வீசினால் காலில் கொட்டும், ஓங்கி வீசினால் மூஞ்சியில் தெறிக்கும். அவர் வீசினால் போன இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் அந்த மனுஷன், “என் கரண்டிய எடுத்துக் கூட்டாளிகிட்ட குடுத்துடு. இனிமே எனக்கு எதுக்கு அது?” என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு, கரண்டியைத் துணியில் சுற்றிப் பாத்திர அலமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எப்படியோ ஓர் ஈ உள்ளே வந்தது. ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தவரின் மூக்கிலேயே போய் உட்கார்ந்தது. அவர் எரிச்சலில் பேப்பரை எடுத்து வலது கையால் ஒரு வீசு வீசினார். ஈ தப்பித்துக்கொண்டது. ஆனால் அந்த மணிக்கட்டு ஒரு நூலளவு திரும்பியதை நான் பார்த்துவிட்டேன்.

உடனே கடைக்குப் போனேன். கடைக்காரர் கரண்ட் பேட்டை எடுத்துக் காட்டினார். “சும்மா நீட்டிப் புடிச்சாப் போதும்கா, ஈ தானா வந்து பொரிஞ்சிடும்.”

“சும்மா நீட்டிக்கிட்டு உக்காந்திருக்க எங்க வீட்டுலயே ஆள் இருக்கு. வீசி அடிக்கிற மட்டையா குடுங்க.”

நீளக் காம்பு வைத்த பிளாஸ்டிக் மட்டையை வாங்கி வந்து அவர் மடியில் போட்டேன். மறுநாள் முதல் நான் சமையலறையில் இருக்கும்போது கூடத்திலிருந்து ‘பட்’ என்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு ‘பட்’டுக்கும் எனக்கு மனசு குளிர்ந்தது. கதவைத் திறந்து நான் உள்ளே விட்ட ஈக்கள் தீர்ந்துபோனபோதுதான் வலையின் மூலையைப் பிய்த்தேன்.

இடையில் என் நாத்தனார் வந்தாள். வாசலிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள்.

“என்ன அண்ணி, உங்க வீட்டுல போய் ஈ மொய்க்குது? உடம்பு கிடம்பு சரியில்லையா உங்களுக்கு?”

மற்ற நாளாக இருந்தால் அவளுக்குப் பதிலுக்குப் பதில் கிடைத்திருக்கும். “வெயில் காலம்ல, அப்படித்தான்” என்று முழுங்கிக்கொண்டேன். அன்று தரையைத் துடைக்கையில் அழுகையே வந்துவிட்டது. மானம் போனாலும் போகட்டும், கை வந்தால் சரி என்று தேற்றிக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் துணி காயப்போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக வந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ‘பட்’. ஈ செத்து விழுந்தது. மட்டை இருந்தது இடது கையில். வலது கை சம்பந்தி வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி மடியில் அலுங்காமல் உட்கார்ந்திருந்தது.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. வாளியை ‘ணங்’கென்று தரையில் வைத்தேன்.

“எத்தனை நாளா நடக்குது இந்தக் கூத்து?”

அவர் திரும்பிப் பார்த்துவிட்டு மட்டையை மெல்ல மடியில் வைத்தார். “வலைய நீதான் பிச்சேன்னு எனக்குத் தெரியும். ஒரு நூல் சுவர் சாய்ஞ்சாலே கண்டுபுடிக்கிறவன் நான்.”

“அப்ப எதுக்குப் பிச்சேன்னும் தெரியும்ல?”

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: “வலதுல அடிச்சா தப்பிடுது. ஒவ்வொரு தடவ தப்புறப்பவும், இனிமே இந்தக் கை அவ்வளவுதான்னு யாரோ சொல்ற மாதிரி இருக்கு. இடதுலன்னா ஈயாவது சாகுது.”

மனுஷனுக்கு வலியைவிட பயம்தான் பெரிதாக இருந்திருக்கிறது. பாவமாக இருந்தது. பாவம் பார்த்து விட்டுவிட்டால் கை என்ன ஆவது? சமையலறைக்குப் போய்த் தேன் பாட்டிலை எடுத்துவந்தேன். அவருடைய இடது புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நன்றாகத் தடவினேன்.

“என்னடி பண்ற?”

“அலுங்காம வைங்க.” மட்டையை எடுத்து அவர் வலது கையில் திணித்தேன். “இப்ப எந்தக் கையால அடிக்கிறீங்கன்னு பாக்குறேன்.”

ஈக்கள் வந்தன. நான் உப்புப் போட்டு வளர்த்தவை இல்லையா, விசுவாசம் இருக்காதா? ஒன்று நேராகத் தேனில் இறங்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மட்டையைத் தூக்கினார். அது துவண்டுபோய் முழங்கையில் விழுந்தது. ஈ ஒரு வட்டம் அடித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. அடுத்த அடி நாற்காலிக் கையில் விழுந்தது. ஈ நகரக்கூட இல்லை. முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டு, அடுத்தது என்ன என்று கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது.

“என்னையவா சீண்டுற?” என்று ஈயைப் பார்த்து முனகினார். கோபத்தில் அவரும் எனக்குச் சளைத்தவர் இல்லை. கலவையை வீசும்போது தோள் அசையாமல் மணிக்கட்டு மட்டும் ஒரு சொடுக்குச் சொடுக்குமே, அப்படியே சொடுக்கியது.

பட்.

ஈ தேனிலேயே நசுங்கிக் கிடந்தது. அவர் முகம் கோணிக்கொண்டு கண்ணை இறுக மூடினார்.

“வலிக்குதுடி,” என்றார்.

இத்தனை நாளாகக் கேட்டுப் புளித்த சொல். எனக்குக் கேட்கவே பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

“எந்தக் கை?”

கண்ணைத் திறந்தார். மட்டை பிடித்த கையைப் பார்த்தார். அடி வாங்கின கையைப் பார்த்தார். அதில் மட்டையின் கட்டம் கட்டமான தடம் சிவந்து எழும்பிக்கொண்டிருந்தது.

“இடது கை,” என்றார்.

நான் ஈரத்துணியை எடுத்துத் தேனைத் துடைத்துவிட்டேன். கண்ணீர் மறைத்ததில் சரியாகத் துடைக்க வரவில்லை. அவர் மட்டையை இன்னும் கீழே வைக்கவில்லை.

“அந்தக் கரண்டிய கூட்டாளிகிட்ட குடுத்துட்டியா?” என்று கேட்டார்.