முட்டுக்கட்டையின் நேர்காணல்

அரசுக் குடிநீர் நிறுவனத்தில் அந்தத் தலைமைப் பொறியாளருக்கு முட்டுக்கட்டை என்றுதான் பெயர். பரிசோதனையில் சாக்கடைக் கசிவு தெரிந்ததென்று, அமைச்சர் நாள் குறித்த நீர்த்தொட்டித் திறப்பையே நிறுத்திய மனுஷன். அதற்குக் கிடைத்த சன்மானம், துருப்பிடித்த குழாய்களைக் காவல் காக்கிற கிடங்கு வேலை. வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தார், பாவம்.

இப்போது நிர்வாக இயக்குநர் பதவி காலி. விளம்பரத்தில் தகுதிகள் என்று நெஞ்சுரம், நேர்மை, சுயமாக முடிவெடுக்கும் திறன் எல்லாம் போட்டிருந்தார்கள். முட்டுக்கட்டையும் விண்ணப்பம் போட்டார். தலைமைச் செயலகத்தில் காலமெல்லாம் குப்பை கொட்டிய அவருடைய மச்சான் விளம்பரத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். அதெல்லாம் பேப்பருக்கு மாப்பிள்ளை, உள்ளே தலையாட்டத் தெரியுமா என்றுதான் பார்ப்பார்கள் என்று ஓதினார். மனைவியும் ஒத்து ஊதினாள்.

நேர்காணலில் குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "அந்தத் தொட்டியைத் திறக்கக் கூடாதுன்னு நின்னது நீங்கதானே?"

மறுபடியும் கிடங்கா என்று அவர் முந்திக்கொண்டார். "நான் இல்லைங்க மேடம். அது என் துணைப் பொறியாளர் பண்ணின வேலை. நான் திறக்கலாம்னுதான் சொன்னேன்."

அந்தத் துணைப் பொறியாளரும் இதே பதவிக்காக வெளியே காத்திருந்தாள். கையெழுத்தைப் போட்டுத் தொலையுங்கள் சார் என்று அன்றைக்குக் கெஞ்சியவளே அவள்தான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, அந்தக் கதைதான். முந்தைய இயக்குநர் தலையாட்டித் தலையாட்டியே நிறுவனத்தைக் குட்டிச்சுவராக்கியிருந்தார். அதனால் மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த ஆளைத்தான் குழு தேடிக்கொண்டிருந்தது. தொட்டியைத் தடுத்தது நீங்களா என்று அவளிடம் கேட்டபோது, ஆமாம் என்று அடக்கமாகச் சொல்லிவிட்டாள். பதவி அவளுக்குப் போயிற்று.

அடுத்த தொட்டி கட்டி முடிந்தது. பரிசோதனையில் மறுபடி அதே கசிவு. அமைச்சர் அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்ததும் அவள் பேனாவை எடுத்துவிட்டாள். விஷயம் தெரிந்து முட்டுக்கட்டை அவள் அறைக்கு ஓடினார்.

"வேண்டாம்மா. குழந்தைங்க குடிக்கிற தண்ணி."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "திறக்கலாம்னு சொல்ற ஆள் நீங்கதானே சார்? குழுகிட்ட உங்க வாயாலயே சொன்னீங்களே."

சாயங்காலம் வீட்டுக் குழாயில் புதுத் தொட்டித் தண்ணீர் வந்தது. காய்ச்சிக் குடி என்று மனைவியிடம் சொன்னார். தெருவில் மற்ற வீடுகளிலும் குடங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. அவர்களிடம் போய்ச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.