மூடுவிழா

மூன்று பேரால் தூக்க முடியாது என்று அமரர் ஊர்தி ஓட்டுநர் கையை விரித்துவிட்டார்.

"படி குறுகலா இருக்கும்மா. நான், உங்க மருமகன், எதிர்வீட்டு சார். நாலாவதா ஒரு ஆள் இல்லாம திருப்பத்துல பெட்டி சிக்கிக்கும்."

யாரைக் கூப்பிடுவது? அவள் கணவர் வங்கித் துறையில் தலைநரைத்தவர். வேண்டியவர்களுக்கெல்லாம் கடனை வாரிக் கொடுத்துவிட்டு, வராக்கடனில் மூழ்கிக்கொண்டிருந்த சிறிய வங்கிகளை ஒன்றாக இணைக்க அரசாங்கம் குழு அமைத்தபோது, எந்த வங்கி இருக்கும், எது போகும் என்று கையெழுத்துப் போட்டவர். ஊழியர்கள் அவருக்கு 'மூடுவிழா' என்று பெயர் வைத்தார்கள். ஓய்வு பெற்ற பிறகும் கடைத்தெருவில் அந்தப் பெயர்தான். தலைமை அலுவலகத்திலிருந்து இன்று ஒரு மலர்வளையம் வந்தது. கொண்டுவந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்விட்டார்.

பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எதிரே மருந்துக்கடை ஓரம் அவளுடைய தம்பி நின்றுகொண்டிருந்தான். மூடப்பட்ட வங்கிகளில் ஒன்றில் மேலாளராக இருந்தவன். விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள்; விருப்பம் யாருடையதோ. அன்றிலிருந்து இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

அவள் இறங்கிப் போனாள்.

"மேல வாடா."

"உன்னைப் பாக்கத்தான்க்கா வந்தேன். அவரை இல்ல."

"தூக்க ஆள் இல்லடா."

அவன் மருந்துக்கடைப் பலகையை வெறித்தான். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் அவருக்குச் சொந்த மச்சான். பேப்பரைப் பாத்துத்தான் என் பேங்க் போன விஷயமே எனக்குத் தெரியும்."

"முன்னாடியே சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"என் பணத்தை எடுத்திருப்பேன். தெரிஞ்சவங்களையும் எடுக்கச் சொல்லியிருப்பேன்."

"அவங்க?"

"அவங்களுக்குத் தெரிஞ்சவங்ககிட்ட..." நிறுத்திக்கொண்டான். விடிவதற்குள் வங்கி வாசலில் எவ்வளவு கூட்டம் கூடியிருக்கும், பின்னால் நின்றவர்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா என்ன? அவன் அந்த வேலையையே பார்த்தவன்.

"இருந்தாலும்க்கா..."

"என்கிட்ட மட்டும் சொன்னாரா? அத்தனை மாசமும் பக்கத்துலதான் படுத்திருந்தேன். தூக்கமில்லாம புரளுவாரு. என்னங்கன்னு கேட்டா, புழுக்கமா இருக்குன்னு சொல்லுவாரு. நீ பேப்பர்ல பாத்த அதே காலையிலதான் நானும் பாத்தேன்."

அவன் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். அவள் பார்வை மாடி ஜன்னலில் இருந்தது. அந்த வீட்டில் இத்தனை வருஷம் வாழ்ந்தது இரண்டு பேரா, ஒருத்தியா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தெருவைக் கடந்தான்.

திருப்பத்தில் பெட்டி லேசாகச் சரிந்தது. "மெதுவா, மெதுவா... மாமா தலை அந்தப் பக்கம் இருக்கு" என்று அவன் குரல் கேட்டது. மாமா என்று அவன் சொல்லிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

கீழே இறக்கியதும் யாரும் சொல்லாமலே ஊர்தியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டான். மகளையும் மருமகனையும் அவளையும் எதிர்வீட்டுக்காரர் தன் காரில் ஏற்றிக்கொண்டார்.

கடைத்தெரு வழக்கம்போல் இரைந்துகொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் போன ஊர்தி வேகத்தடையில் ஏறிக் குலுங்கியது. அதன் பின்கண்ணாடி வழியே பார்த்தாள். பெட்டி நகராதபடி தம்பி அதன்மேல் கை வைத்திருந்தான். தடையைத் தாண்டி வண்டி சமதளத்தில் ஓடத் தொடங்கிய பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது.