வெயில் தாங்காத நிறம்

நேபோ விடியற்காலையில் இறந்தான். பிப்ரவரி வெக்கை, மெலோ நகரிலிருந்து சவப்பெட்டி வந்து சேர்வதற்குள் வீடு முழுக்க ஈ மொய்த்துவிட்டது. அவனைக் குளிப்பாட்டி, கறுப்பு உடுப்பு மாட்டி, கூடத்தில் பெட்டிக்குள் கிடத்தியபோது எனக்கு எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. ஆனால் பர்போசா வீட்டுத் துக்கத்துக்கு வருகிறவர்களை வீட்டின் மூத்தவர் நின்றுதான் வரவேற்க வேண்டும். தம்பி போனபின் பர்போசா என்ற பெயருக்கு மிஞ்சியவள் நான் ஒருத்தி. அவனுக்குப் பிள்ளை இல்லை, நான் மணம் செய்துகொள்ளவில்லை. நின்றேன்.

நாங்கள் வெள்ளை. தோலைச் சொல்லவில்லை, கட்சியைச் சொல்கிறேன். இந்த உருகுவாயில் கட்சி இரண்டுதான், வெள்ளை, சிவப்பு. பிள்ளை பிறக்கும்போதே இரண்டில் ஒன்றாகத்தான் பிறக்கிறது. ஞானஸ்நானமெல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் வீட்டில் சிவப்பு என்ற சொல்லையே உச்சரிக்கமாட்டோம். சிவப்புக் குதிரையைச் செம்பட்டை என்போம், சிவந்த தக்காளியைப் பழுத்தது என்போம். முற்றத்தில் ஜெரேனியம் வெள்ளை மட்டுமே பூக்கும். வேறு நிறத்தில் மொட்டு விட்ட செடியை அப்பா வேரோடு பிடுங்கி வேலிக்கு வெளியே எறிவார்.

இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முதல் சண்டையில் இரண்டு படைக்கும் ஒரே மாதிரிக் குதிரை, தலை நுழைத்துப் போர்த்திக்கொள்ளும் ஒரே மாதிரிப் போன்சோ, ஒரே மாதிரி வசவு. தங்கள் ஆளையே வெட்டிவிடக் கூடாது என்று தொப்பியில் நாடா கட்டிக்கொண்டார்கள். எங்களவர்கள் கட்டியது வெள்ளை. எதிரிகள் கட்டியது வானத்து நீலம். வெயிலிலும் மழையிலும் அலைந்ததில் அந்த நீலம் வெளுத்துப்போனது. தூரத்திலிருந்து பார்த்தால் யார் எவர் என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் தங்கள் போன்சோவின் உள்துணியைக் கிழித்துக் கட்டினார்கள். உள்துணி சிவப்பு. அன்றிலிருந்து அவர்கள் சிவப்பர்கள்.

"உள்துணி பச்சையா இருந்திருந்தா இன்னைக்குப் பச்சையனுங்க" என்று அப்பா சிரிப்பார். சந்தையில் சிவப்புக் கட்சிக்காரன் எவனைப் பார்த்தாலும் குதிரையில் இருந்தபடியே கத்துவார்: "வெயில் தாங்காத நிறத்துக்குப் பொறந்தவனே, நிழலுக்குப் போடா!"

எங்கள் பாட்டனார் அந்த முதல் சண்டையில் கட்டிய நாடா எங்களிடம் இருந்தது. விரலகலத் துணி, எழுத்து எதுவும் இல்லை. மற்ற குடும்பங்களின் நாடாக்களில் வாசகம் எழுதியிருக்கும். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளப் பாட்டனாருக்கு எழுத்து தேவைப்படவில்லை என்பார் அப்பா. கடைசிச் சண்டைக்கு அப்பாவும் அதைக் கட்டிக்கொண்டுதான் போனார். வீட்டு ஆண் இறந்தால் அதை அவர் நெஞ்சின்மேல் வைப்போம். பெட்டியை மூடுமுன் குடும்பத்தின் மூத்தவர் எடுத்து அடுத்த ஆணின் கையில் கொடுப்பார். அதைத் துவைப்பதில்லை. பாட்டனாரின் வியர்வை அதில் இருக்கிறது.

காலை முழுக்க அண்டைப் பண்ணைக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீர்க் குடுவை கைமாறியது. கிழவர் தொரிபியோ வழக்கம்போல ஜின் பாட்டிலுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார்.

"தோன்யா க்ளோதோமிரா, வேலிக் கதவண்ட ஒருத்தன் காயறான், பாத்தீங்களா?" என்று என்னை மரியாதையாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

பார்த்திருந்தேன். நேபோவின் மனைவி ஓர்ஃபீலியாவின் அண்ணன் பெலிசாரியோ. கழுத்தில் அந்த நிறத் துணி; தொப்பி கையில். ஓர்ஃபீலியா சிவப்பு வீட்டுப் பெண். நேபோ அவளை மணந்தபோது அப்பா ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: அவள் வரலாம், அவள் வீட்டார் வேலிக்கு உள்ளே வரக் கூடாது. அவளுடைய அப்பா வந்தபோதும் வாசலில்தான் நின்று மகளோடு பேசிவிட்டுப் போனார். அப்பா போனபின் அந்த நிபந்தனையை நான் காத்தேன். ஒரு வீட்டுக்குச் சட்டம் என்று ஒன்று வேண்டும்.

"இன்னுங் கொஞ்ச நேரம் அங்கயே நிக்கட்டும்" என்றார் தொரிபியோ. "இந்த வெயிலுக்கு அவன் கழுத்துத்துணியும் வெளுத்து நம்ம பக்கம் வந்துரும்!"

பிணம் கிடக்கும் அறையில் சிரித்தார்கள். நேபோ இருந்திருந்தால் அவனும் சிரித்திருப்பான். ஓர்ஃபீலியா சிரிக்கவில்லை. என்னருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அக்கா, மகன் இல்லாதவருக்குப் பெட்டியோட தலைமாட்டுக் கைப்பிடி பொண்டாட்டியோட அண்ணனுக்குத்தானே. அவரை உள்ள கூப்பிடுங்க. இன்னைக்கு ஒரு நாள்."

"தலைமாட்டுக்குத் தொரிபியோ இருக்காரு."

"அவரால பாட்டிலையே தூக்க முடியல."

"ஓர்ஃபீலியா, அப்பா சொன்னது சொன்னதுதான்."

அவள் "சரிங்க அக்கா" என்று சமையலறைக்குப் போனாள். இத்தனை வருஷமும் அதே "சரிங்க அக்கா" தான்.

நாடாவை எடுத்து வரப் பின்னறைக்குப் போனேன். உண்மையில் கதவைச் சாத்திவிட்டு ஒரு நிமிஷம் உட்காரத்தான் போனேன். தகரப் பெட்டியைத் திறந்து நாடாவைப் பிரித்தபோது ஓரத்துத் தையல் ஓரிடத்தில் விட்டிருந்தது. பூச்சி அரித்திருக்கிறது. தொங்கும் நூலோடு தம்பியின் நெஞ்சில் வைப்பதா? ஊசி நூலோடு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடித்த ஓரத்தை நேராக்க நகத்தால் லேசாகத் திறந்தேன்.

உள்ளே நீலம்.

என் கண்ணைத்தான் முதலில் சந்தேகித்தேன். ஜன்னலுக்கு இன்னும் அருகில் போனேன். தையலை மேலும் பிரித்தேன். மடிப்புக்குள் வெயிலும் மழையும் எட்டாத இடமெல்லாம், மழை விட்ட மறுநாள் வானம் போல நீலம். வெளியே இருந்ததுதான் வெள்ளை. அதுவும் வெளுத்த வெள்ளை.

பாட்டனார் நின்றது அந்தப் பக்கம். நாங்கள் நெஞ்சில் வைத்து அனுப்பிய ஒவ்வொருவரும் எதிரியின் துணியோடுதான் படுத்திருந்தார்கள். கடைசிச் சண்டைக்கு அப்பா தொப்பியில் கட்டிப் போனதும் அதுதான். சந்தையில் அவர் கத்திய வசவு என் காதில் கேட்டது. அது எங்கே போய் விழுகிறது என்பதும் புரிந்தது. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. நாளெல்லாம் சுமந்து வந்த பாரம் வேறொருவருடையது என்று தெரிந்தவளின் அயர்ச்சிதான் இருந்தது.

அப்புறம்தான் தையலைக் கவனித்தேன். அம்மாவின் தையல் ஒற்றை ஓட்டம். நானும் அப்படித்தான் தைப்பேன். இது ஒவ்வொரு குத்துக்கும் ஒருமுறை பின்னால் போய் வந்திருந்தது. இந்த வீட்டில் அப்படித் தைப்பவள் ஒருத்திதான்.

கதவு திறந்தது. ஓர்ஃபீலியா மாத்தேயோடு வந்தாள். என் மடியைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள்.

"இதை எப்பத் தெச்ச?" என்றேன்.

"மாமா செத்தன்னைக்கு. உங்களுக்குக் காய்ச்சல் அடிச்சுது. ஓரம் பிரிஞ்சிருக்கு, தெச்சுக் குடுன்னு நேபோ எங்கிட்ட குடுத்தாரு."

"பாத்தியா?"

"கண்ணு இருந்துச்சே, அக்கா."

"அவனுக்குச் சொன்னியா?"

"எதுக்கு? அவருக்கு அது வெள்ளை."

"உங்க அப்பாவுக்கு? உன் அண்ணனுக்கு?" என் குரல் உயர்ந்தது. அவள் கையமர்த்தினாள், கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

"எங்க அப்பா கிட்ட சொல்லியிருந்தா ஊரைக் கூட்டி ஆடு அறுத்து விருந்து வெச்சிருப்பாரு. மெலோ சந்தையில பர்போசா பேரு நாறிப்போயிருக்கும். அப்புறம் நான் எந்த வீட்டுல இருக்கறது? எனக்கும் இதுதானே பேரு."

அவள் மாத்தேயை என் கையில் வைத்தாள்.

"உங்க பாட்டனாரு போன்சோவுக்கு உள்துணி இல்லாம இருந்திருக்கும், அக்கா" என்றாள் மெதுவாக. "பாவம், ஏழை. மத்தவங்க சிவப்புக்கு மாறினப்போ அவருகிட்ட கிழிக்கத் துணி இல்ல. வெளுத்த நாடாவோட நின்னாரு. இவன் நம்மாளுன்னு உங்க பக்கத்து ஆளுங்க கூட்டிக்கிட்டுப் போயிருப்பாங்க. அவரும் பேசாம போயிருப்பாரு."

இந்த அறையில் அந்த நிறத்தின் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் சொன்னாள். கூரை அப்படியே இருந்தது.

மாத்தேயை உறிஞ்சி முடித்தேன். நூலைக் கோத்து நீலத்தை உள்ளே தள்ளி மடித்துத் தைத்தேன். அவள் கதவுக்குக் காவலாக நின்றாள். தைத்து முடித்ததும் நாடாவை அவளிடம் கொடுத்தேன்.

"நீயே அவன் நெஞ்சுல வை. நான் வாசலுக்குப் போயிட்டு வரேன்."

முற்றத்தைக் கடந்து வேலிவரை நடந்தேன். கூடத்தில் பேச்சு நின்றது எனக்குக் கேட்டது. பெலிசாரியோவின் முகம் வெயிலில் கன்றியிருந்தது. அவனும் முதுகை வளைக்காதவன்தான்.

"தோன்யா க்ளோதோமிரா, நான் இங்கயே நிக்கறேன். உங்க வழக்கம் தெரிஞ்சுதான் வந்தேன். பெட்டி வெளிய வந்ததும் பின்னாடி நடந்து வர்றேன்."

"தலைமாட்டு வலது பிடி பொண்டாட்டியோட அண்ணனுக்கு. வா, பெலிசாரியோ."

அந்தப் பெயரை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் கழுத்துத்துணியைத் தொட்டான்.

"இதைக் கழட்டிடவா?"

"வேண்டாம். கழட்டினா யாரோ எவனோன்னு நெனப்பாங்க. தலை காயுது, சீக்கிரம் வா."

அவன் கதவைத் தாண்டி வந்தான். அவன் பூட்ஸ் எங்கள் செங்கல் முற்றத்தில் ஓசையெழுப்பியது. வாசற்படியில் நின்றவர்கள் விலகினார்கள்.

"தோன்யாவுக்கு வெயிலு தலைக்கேறிருச்சு" என்றார் தொரிபியோ.

"ஏறட்டும். நீங்க அந்தப் பாட்டிலைக் கீழ வெச்சிட்டுக் கால்மாட்டைப் பிடிங்க" என்றேன்.

பாதிரியார் ஜெபித்து முடித்தார். மூடி வைக்கும் நேரம் வந்தது. நாடாவை எடுப்பதற்காக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கறுப்புக் கோட்டின் நடுவே வெள்ளைச் சட்டையில் அது தெரிந்தும் தெரியாமலும் கிடந்தது. நான் கையை நீட்டவில்லை.

"தோன்யா, நாடா..." என்று நினைவூட்டினார் தொரிபியோ.

"பர்போசா ஆம்பளை இனிமே யாரும் இல்ல. கடைசி ஆளோட போகட்டும். மூடுங்க."

என்ன பெருந்தன்மை என்று ஒரு பெண் விசும்பினாள். தொரிபியோ தொப்பியைக் கழற்றினார். அவர் கண்கூட ஈரமாகிவிட்டது. ஓர்ஃபீலியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணி இறங்கியது. பெலிசாரியோ தலைமாட்டைத் தூக்கினான். பண்ணையின் கல்லறை மேட்டில் இருக்கிறது. ஏறும்போது எடை முழுக்க அவன் பக்கம் சாய்ந்தும் அவன் கை மாற்றிக்கொள்ளவில்லை.

எல்லோரும் போனபின் சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்தேன். கால் வீங்கியிருந்தது. பெலிசாரியோ குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான், இருட்டுவதற்குள் போய்விடுவான். ஓர்ஃபீலியா ஒரு வாளியில் வெந்நீர் கொண்டுவந்து என் கால் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, தையலைக் கெட்டியாப் போட்டீங்களா?" என்றாள்.

"உன் தையலைவிடக் கெட்டிதான்."

"ஒத்தை ஓட்டமா?"

"இல்ல" என்றேன். "உன்னை மாதிரிதான் போட்டேன்."

காலை வெந்நீரில் வைத்தேன்.